மூன்று புள்ளி, ஒரு படகு

ஜனவரி 6, செவ்வாய்
மேற்குத் துறை

கிழக்குத் துறையின் திரைக் காவலர் அவர்களுக்கு,

மேற்குத் துறையின் திரைக் காவலர் எழுதுவது. உன்னோடு பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்து இரண்டு மாதம் ஆகிறது. நான் எப்போதுமே பேசாதவள் என்பதால் நீ அதைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம். அதனால் எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன். இது அலுவலகக் கடிதம். தங்கை எழுதுவதாக நினைக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். காலையில் மூடுபனி இறங்கியதும் என் ரேடார் திரையில் ஒரு சின்னப் படகு முளைக்கிறது. அனுமதி வாங்காத படகு. ஒரு படகுதான் என்று நினைக்கிறேன், ஆனால் திரை மூன்று புள்ளி காட்டுகிறது. ஒன்று மேலாற்றுப் பக்கம், ஒன்று நேர் எதிரே, ஒன்று கடல்வாய்ப் பக்கம். மூன்றும் என்னிடமிருந்து ஒரே தூரம். மூன்றும் ஒன்றாக நகர்கின்றன, ஒன்றாக மறைகின்றன, சாயங்காலம் ஒன்றாகத் திரும்ப முளைக்கின்றன.

பயணிகள் படகின் ஓட்டுநர் அண்ணனுக்கு நான் எப்படித் தகவல் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியும். வயர்லெஸ் மைக்கில் பேச எனக்கு வராது. பேசினால் படகில் இருக்கும் ஒலிபெருக்கியில் அத்தனை பேருக்கும் கேட்கும். அதனால் மைக்கை விரலால் தட்டுகிறேன். ஒரு தட்டு என்றால் இடது பக்கம் ஒதுங்கு, இரண்டு தட்டு என்றால் வலது. இப்போது மூன்று புள்ளிக்கும் தட்ட வேண்டியிருக்கிறது. படகு நேராகப் போய்ப் பல நாள் ஆகிறது.

உன் கரையிலிருந்து யார் அந்தப் படகை விடுகிறார்கள் என்று விசாரித்துச் சொல்லவும். கைக்கெட்டிய தூரம்கூடத் தெரியாத பனி. பெரிய படகு அதன்மேல் ஏறினால் உள்ளே இருக்கும் ஆள் என்ன ஆவார்?

அப்பா நலம். ராத்திரி நான் போடும் சோற்றில் பாதியை ஒதுக்கிவைத்து, உன் சமையலின் பெருமையை அவர் நன்றாகவே நிரூபித்துக்கொண்டிருக்கிறார். சந்தோஷமாக இரு.

இப்படிக்கு,
மேற்குத் துறை


ஜனவரி 7, புதன்
கிழக்குத் துறை

ஏய் ஊமைக்கோட்டான்,

"அவர்களுக்கு" என்று மேலே இருந்ததைப் பார்த்து, யாரோ பெரிய அதிகாரி என்று நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். பிறகுதான் கையெழுத்தைப் பார்த்தேன். அலுவலகக் கடிதமாம். பேச வராதவளுக்குப் பேனா கொடுத்தால் இப்படித்தான்.

என் திரையிலும் மூன்று புள்ளிதான். நான் மூன்று பேர் மீன் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறார்களே, என்ன ஒற்றுமை, நம் வீட்டில் இல்லாத ஒற்றுமை என்று மனதுக்குள் பாராட்டியும் இருக்கிறேன். ஒரே படகு என்றால் அது உன் கரைப் படகுதான். இங்கே என்னைக் கேட்காமல் ஒரு வாத்துகூடத் தண்ணீரில் இறங்காது.

எனக்கு மைக்கில் தட்டுகிற பழக்கம் கிடையாது. கடவுள் வாய் கொடுத்திருக்கிறார். "அண்ணே, மூணு பேர் குறுக்க வராங்க, பாத்துப் போங்க" என்று நேற்றும் சொன்னேன். அவர் என்னவோ திருப்பிச் சொன்னார். அதை எழுத முடியாது.

என் சமையலைக் குத்திக்காட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டாயா? உன் சமையலின் பெருமையும் இங்கே தெரிகிறது. ராத்திரி என் தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறார். டாக்டர் அப்பாவுக்குச் சொன்னது இரண்டே இரண்டு. உப்புக் கூடாது, துடுப்புக் கூடாது. அவர் இதயம் இனி இரண்டையும் தாங்காது. அதையாவது நினைவில் வைத்துக்கொள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதுபோல இதையும் பாதியில் விட்டுவிடாதே.

அக்கா
(அலுவலகத்துக்கும் அக்காதான்)


ஜனவரி 8, வியாழன்
மேற்குத் துறை

அக்காவுக்கு,

நான் மறக்கப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தையை நீ மறுபடியும் எழுதியிருக்கிறாய். அன்றைக்கு உன் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னாய்: "ஸ்கூலையே பாதில விட்டவ நீ. அப்பாவ எப்படி முழுசா பாத்துப்ப?" அதனால்தானே அப்பாவை வாரத்தில் பாதி எனக்கு, பாதி உனக்கு என்று பிரித்தோம். ஞாயிறிலிருந்து புதன் வரை என் வீடு, பிறகு சனிக்கிழமை சாயங்காலம் வரை உன் வீடு. அவரும் பையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறார். அதற்குமேல் என்ன வேண்டும் உனக்கு? நான் பள்ளியை விடவில்லை. பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" சொல்ல எனக்குக் குரல் வராது. வாத்தியார் 'வரவில்லை' என்று குறித்துக்கொள்வார். உட்கார்ந்துகொண்டே வராதவளாக இருந்தேன். கடைசியில் வராமலே இருந்துவிட்டேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வேலைக்கு வருகிறேன். நம் இரண்டு துறையிலும் ரேடார் பலகையை மாட்டிய மெக்கானிக் நேற்று வந்தார். மேலே அண்ணாந்து பார்த்தார்.

"எதிரொலி கேக்கற காதுங்க இதுல ஒண்ணுக்கொண்ணு ரொம்பத் தள்ளி இருக்கும்மா. மலிவுப் பலகைன்னா அப்படித்தான். எவ்வளவு தூரம்னு கரெக்டா சொல்லும். எந்தப் பக்கம்னு கேட்டாதான் குழம்பிடும். மூணு பக்கம் காட்டும். அதுல ஒண்ணுதான் நிஜம், மத்த ரெண்டும் நிழல்."

எந்த ஒன்று என்று கேட்க நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தேநீரை முடித்துவிட்டார். துறை மேலாளர்தான் கேட்டார்.

"அதைக் கண்டுபிடிக்கற பலகை வேற இருக்கு சார்."

"அப்ப இது?"

"இது கண்டுபிடிக்காத பலகை."

அவர் போனதும் ஓட்டுநர் அண்ணன் உள்ளே வந்தார். "ஒரு படகுக்கு மூணு தடவ ஒதுங்கறேன் சார். சிரிச்சிக்கிட்டே ஏறுனவங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டு இறங்கறாங்க. இந்தப் பொண்ணு தட்டறத நிறுத்தச் சொல்லுங்க. இல்லன்னா ஆளுக்கொரு வாளி வாங்கிக் குடுங்க." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேலாளரைப் பார்த்துத்தான் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

சுவரில் தொங்கும் முகத்துவார வரைபடத்தின் மேல் தாளை வைத்து, மூன்று புள்ளிகளையும் நேரத்தோடு குறித்து வருகிறேன். எது நிஜம் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று நிஜம், அக்கா. அதில் ஓர் ஆள் இருக்கிறார்.

மேற்குத் துறை


ஜனவரி 10, சனி
கிழக்குத் துறை

அடியே,

ஆளுக்கொரு வாளி என்பதைப் படித்து உன் அத்தானும் நானும் வெகு நேரம் சிரித்தோம். அதற்காகச் சமாதானம் ஆகிவிட்டதாக நினைக்காதே. சிரிப்பு வேறு, கோபம் வேறு.

உன் பிரச்சினைக்கு என்னிடம் வழி இருக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரியைத் தெரியுமல்லவா? எந்த விஷயத்தைக் கேட்டாலும் மூன்று கதை சொல்வாள். எதிர்வீட்டுக்காரியும் மூன்று சொல்வாள். ஒருத்தியை மட்டும் கேட்டால் தலை சுற்றும். நான் என்ன செய்வேன் தெரியுமா? இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்பேன். இரண்டு பேர் வாயிலும் எந்தக் கதை பொதுவாக வருகிறதோ, அதுதான் நடந்தது. பொய் ஆளுக்கு ஆள் மாறும். உண்மை பாவம், எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்கும்.

உன் திரை ஒரு வீட்டுக்காரி. என் திரை இன்னொரு வீட்டுக்காரி. இரண்டும் வெவ்வேறு கரையில் நின்று பார்க்கின்றன. நீ உன் மூன்றைக் குறி, நான் என் மூன்றைக் குறிக்கிறேன். என்னிடமும் அதே வரைபடம் இருக்கிறது. தையலுக்கு வைத்திருந்த பட்டர் பேப்பரை அதன்மேல் விரித்து, இன்று முழுக்க அந்தப் படகின் மூன்று பாதையையும் மணி போட்டு வரைந்திருக்கிறேன். சாயங்காலப் பாதைவரை இருக்கிறது. திங்கள் முதல் படகில் வரும். உன் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒரே ஒரு நேரத்துப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதே. இரண்டு புளுகும் தற்செயலாக ஒருநாள் ஒத்துப்போகும். கதை முழுக்க ஒத்துப்போகிறதா என்று பார்.

அப்பா விஷயம். பகலில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ அழுவாய். ஆனால் சட்டைப் பையில் உப்பு வாசம் வருகிறது. உப்புக்கு வாசம் கிடையாது என்று உன் அத்தான் சொல்கிறார். எனக்கு வரும்.

அக்கா


ஜனவரி 13, செவ்வாய்
மேற்குத் துறை

அக்காவுக்கு,

உன் தாள் வந்தது. வீட்டுக்காரிகள் யோசனை மிகவும் நல்ல யோசனை. இதை நான் மனதாரச் சொல்கிறேன், கிண்டல் இல்லை.

ஆனால் பொருந்தவில்லை. முதலில் எதுவுமே எதனோடும் சேரவில்லை. பிறகுதான் தெரிந்தது, நீ வரைபடத்தைத் தலைகீழாகப் போட்டு வரைந்திருக்கிறாய். உன் கரை உன் மடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று திருப்பியிருக்கிறாய், சரிதானே? உனக்கு உலகமே உன் வாசலில்தானே ஆரம்பிக்கும். தாளைச் சுற்றி வைத்தேன்.

அப்போதும் சரியாக வரவில்லை. கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக எல்லாவற்றோடும் ஒட்டுவது போலத் தெரிகின்றன. ஆனால் ஒரே மணிக்கான புள்ளிகளை எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடச் சேரவில்லை. உன் படகு எப்போதும் என் படகுக்கு ஒரு விரற்கடை பின்னாலேயே வருகிறது. ஒரு படகு இரண்டு இடத்தில் இருக்க முடியாது. நம் இரண்டு பேரில் யாரோ தப்பாகப் பார்க்கிறோம். நான் என்று வைத்துக்கொண்டு நேற்று மறுபடி எல்லாவற்றையும் சரிபார்த்தேன். நான் இல்லை.

ஒரு கெட்ட செய்தி. மேலாளர் இன்று ஓட்டுநர் அண்ணனிடம் சொல்லிவிட்டார். "பேய்க்கெல்லாம் வழி விட்டுக்கிட்டு இருந்தா ஊர் போய்ச் சேர முடியாது. வெள்ளிக்கிழமையிலேருந்து நேரா போ. அது தட்டினா காதுல போட்டுக்காத."

'அது' என்பது நான்.

வெள்ளிக்கிழமைக்குள் எந்தப் புள்ளி நிஜம் என்று காட்டிவிட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஒதுங்கச் சொல்லலாம். காட்ட முடியாவிட்டால் அந்த ஆளின் மேல் படகு ஏறும். தயவுசெய்து யோசி.

தங்கை


ஜனவரி 14, புதன்
கிழக்குத் துறை

தங்கச்சி,

(நீயாகவே 'தங்கை' என்று போட்டுவிட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை.)

உன் கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "விரற்கடை பின்னாடி" என்ற இடத்தில் அவர் இருமினார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். அப்புறம் மெதுவாகத் துறைக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதாவது, இந்தத் துறைக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஓடுகிறது என்ன, நான்தான் வைத்திருக்கிறேன். உன் அத்தானின் மின்விசிறி பழுது பார்க்கும் கடை என் சன்னலுக்கு எதிரே. இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கடை திறக்கிறார். சரியாக வைத்தால் இந்த மனிதர் பகலில்தான் எழுந்திருப்பார். வீட்டுக் கடிகாரமும் என் கைக்கடிகாரமும்கூட அதே பத்து நிமிடம் முன்னால்தான். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இப்படித்தான் வாழ்கிறோம். எனக்கே மறந்துவிட்டது.

அவருக்கு இது முன்பே தெரியுமாம். "தெரியும். அதனாலதான் பத்து நிமிஷம் லேட்டா கிளம்புவேன்" என்கிறார். இத்தனை வருடம் நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

என் மணிகளில் பத்து நிமிடத்தைக் கழித்துவிடு. திங்கள், செவ்வாய், இன்றைய தாள்களும் இதோடு வருகின்றன. நாளையதை நாளைக் கடைசிப் படகில் அனுப்புகிறேன். இம்முறை வரைபடம் நேராகத்தான் இருக்கிறது. கழுத்து வலிக்கிறது.

அக்கா


ஜனவரி 16, வெள்ளி, காலை
மேற்குத் துறை

அக்கா,

பொருந்திவிட்டது. விடியும் முன்பே துறைக்கு வந்து, மேசை விளக்கின் மேல் கண்ணாடியை வைத்து, அதன்மேல் எல்லாத் தாள்களையும் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தைக் கழித்ததும் என் நடுப் பாதையும் உன் ஓரப் பாதை ஒன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன, துணியை மடித்து ஓரம் சேர்த்தது போல. எல்லா நாளும் அதுவேதான். மற்ற நான்கு பாதைகளும் ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போகின்றன. அவை நிழல்.

நிஜப் படகு நடுவில் இருக்கும் மணல்திட்டுக்குப் போகிறது. கரையேற்றியதும் திட்டின் எதிரொலியில் கலந்து மறைகிறது. சாயங்காலம் திரும்புகிறது.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. திங்களும் செவ்வாயும் அது என் கரையில் கிளம்பி என் கரைக்கே திரும்பியது. புதன்கிழமை என் கரையில் கிளம்பியது, சாயங்காலம் உன் கரைக்குப் போய்விட்டது. நேற்று உன் கரையில் கிளம்பி உன் கரைக்கே திரும்பியது. போன சனிக்கிழமை உன் கரையில் கிளம்பி என் கரைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் அந்தக் கரைக்கும் சனிக்கிழமை சாயங்காலம் இந்தக் கரைக்கும் போகிற ஆள் இந்த ஊரில் எத்தனை பேர்?

கிண்டல் இல்லாமல் பதில் சொல். என்னிடம் இருக்கும் நாட்களில் "பெரியவ வீட்ல சாப்ட்டுக்கறேன்" என்று அப்பா கிளம்புகிறாரே, உன் வீட்டுக்கு வருகிறாரா? தன் பழைய படகை நீ புதிதாகக் கட்டிய கொட்டகையில் கவிழ்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். அது அங்கே இருக்கிறதா? உடனே போய்ப் பார். இன்று அவரை வெளியே விடாதே. இன்று வெள்ளிக்கிழமை, பெரிய படகு ஒதுங்காது.

ஓட்டுநர் அண்ணன் சங்கு ஊதுகிறார், இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்

படகு கிளம்பிவிட்டது. கடிதம் என் கையிலேயே இருக்கிறது. அக்கா, திரையில் மூன்று புள்ளி வந்துவிட்டது


ஜனவரி 16, வெள்ளி, மாலை
கிழக்குத் துறை

என் செல்லமே,

உன் கையில் நின்றுபோன கடிதம் மதியப் படகில் வந்துவிட்டது. முதலில் பதில். அப்பா ஒருநாள்கூடப் பகலில் என் வீட்டுக்கு வந்ததில்லை. என்னிடம் இருக்கும் நாட்களில் "சின்னவ வீட்ல சாப்ட்டுக்கறேன்" என்பார். நான் கொட்டகை கட்டவே இல்லை. படகு உன் வீட்டுக் கொட்டகையில் இருப்பதாகத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார். நாம் இருவரும் பேசிக்கொள்ளாததை அந்த மனிதர் பாய் விரித்ததுபோல விரித்து அதன்மேல் படுத்திருக்கிறார்.

இன்று என் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். உன் பனிக்குள்ளிருந்து உனக்கு என்ன தெரிந்திருக்கும்?

வயர்லெஸில் முதலில் தட்டுச் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. அப்புறம் தீப்பிடித்த வீட்டுக் கதவைத் தட்டுவது போல. ஓட்டுநர், "தட்டாதம்மா, ஆர்டர் வந்திருக்கு" என்றார். அப்புறம் ஒரு குரல் வந்தது. எனக்கு யார் என்றே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

"அண்ணே! நிறுத்துங்க! நேரா இருக்கறது பேய் இல்ல, எங்கப்பா!"

கரையில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார். அவர் சொல்வதைக் கேள். பெரிய படகு மிதந்து போய் நிற்கவும், பனிக்குள்ளிருந்து நம் அப்பா அதன் மூக்கருகே வந்தாராம். காலுக்கு நடுவில் மடக்கு நாற்காலி. ஒரு கையில் துடுப்பு, ஒரு கையில் பாதி கடித்த வேகவைத்த முட்டை. பயந்தாரா? இல்லை. கோபம்.

"என்னப்பா நேரா வர்ற? நேத்து வரைக்கும் ஒழுங்கா ஒதுங்கித்தானே போன?"

வீட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்துக் கேட்டேன். இந்த இதயத்தை வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று அழுதேன்கூட. சட்டைப் பையிலிருந்து ஓர் உப்புப் பொட்டலம் விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு வீட்லயும் உப்பில்ல. அதக்கூடப் பொறுத்துக்குவேன். இங்க உக்காந்தா நாள் பூரா அவளப் பத்திப் பேசற. அங்க உக்காந்தா அவ உன்னப் பத்திப் பேசாம இருக்கா. அது நீ பேசறதவிடச் சத்தமா இருக்கு. நடுவுல ஒரு திட்டு இருந்துச்சு. போனேன்."

திட்டாமல் அந்தப் பொட்டலத்தைப் பொறுக்கி மேசையில் வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. உன் அத்தான் மட்டும் "பாவம்" என்றார். முறைத்தேன், கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குக் கூடத்தில் நான் சொன்ன வார்த்தை. என் நாக்கும் என் கடிகாரம் மாதிரிதான், எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. மனசு பின்னால் வந்து சேர்வதற்குள் சொல்லி முடித்துவிடுகிறது. நீ கழித்துப் பார்த்துக்கொள். கழிக்கத்தான் உனக்கு நன்றாகத் தெரியுமே.

அக்கா


ஜனவரி 17, சனி
மேற்குத் துறை

அன்புள்ள அக்கா,

தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. எழுதத்தான் முடியும். எனக்கு அது வசதிதான்.

நேற்று மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினேன். மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "உனக்குப் பேச வருமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஓட்டுநர் அண்ணன் திரும்பி வந்ததும் நேராக என்னிடமே வந்தார். "ஏம்மா, இவ்வளவு சத்தத்த உள்ள வெச்சிக்கிட்டா இத்தனை நாளா தட்டிட்டு இருந்த?" என்றார். அவருக்குப் பின்னால் பயணிகள் கைதட்டினார்கள். நான் மேசைக்கு அடியில் பேனாவைத் தேடுவது போல உட்கார்ந்துகொண்டேன். பேனா கையில்தான் இருந்தது.

மூன்றில் எது என்று அந்த நிமிடம் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தாளில் பார்த்த பாதை திரையின் மேல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. உன் தாள் இல்லாவிட்டால் நான் மறுபடி மூன்றுக்கும் தட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

நீ கூடத்தில் சொன்னதற்கு இரண்டு மாதமாக ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். பக்கம் பக்கமாக இருக்கும். மிகவும் நல்ல பதில், நீ அழுதிருப்பாய். ஆனால் புள்ளிகள் குறிக்கத் தாள் தீர்ந்துபோனபோது அதன் பின்பக்கத்தைப் பயன்படுத்திவிட்டேன். இப்போது விளக்கில் பிடித்தால் முன்பக்க எழுத்தும் பின்பக்கப் பாதையும் கலந்து, எதுவும் படிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

அப்பாவிடமிருந்து அந்தத் திட்டைப் பிடுங்கிவிட வேண்டாம். ஆனால் தனியாக வேண்டாம், துடுப்பும் அவர் கையில் வேண்டாம். நாளை ஞாயிறு, பெரிய படகு ஓடாது. அத்தானைத் துடுப்புப் போடச் சொல்லி நீ வா. முதலில் இந்தக் கரைக்கு வந்து என்னையும் அப்பாவையும் ஏற்றிக்கொள். திட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் பேசவும் முயல்கிறேன்.

அனுப்பாமலே போன அந்தப் பதில் தாள்களையும் இதோடு வைத்திருக்கிறேன்.

தங்கை


ஜனவரி 19, திங்கள்
கிழக்குத் துறை

தங்கச்சி,

முயல்கிறேன் என்றாய். இதுதான் முயற்சியா? படகில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நீ வாயை மூடவில்லை. பள்ளியில் விழுங்கிய 'உள்ளேன் ஐயா' எல்லாம் ஒரே நாளில் வந்த மாதிரி இருந்தது. நானும் விடவில்லை என்று வை. அப்பா திட்டின் கோடிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் அத்தானிடம் சொன்னதை நீ கேட்டாயா? "ரெண்டும் பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு மாப்ள."

அந்த நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டோம். இன்று காலை எடுத்துவர உன் அத்தானை அனுப்பினேன். பொழுது சாயும்போதுதான் வந்தார். "ஏன் இவ்ளோ நேரம்?" என்றால் "நல்ல காத்து" என்கிறார். நாற்காலியையும் கொண்டுவரவில்லை. மறந்துவிட்டாராம். நாற்காலி எடுக்கப் போனவர் நாற்காலியை மறக்கிறார்!

படகு என் பக்கம் நிற்கிறது. துடுப்பு என் கட்டிலுக்கு அடியில். அப்பா நினைத்தாலும் இனி முடியாது. கடிகாரங்களைச் சரியான மணிக்கு வைத்துவிட்டேன். மேலாளர் இரண்டு துறைக்கும் ஒரு கட்டு பட்டர் பேப்பர் வாங்கி அனுப்பியிருக்கிறார், பார்த்தாயா? "வீட்டுக்காரி முறை" என்று மேலே எழுதியிருக்கிறது. அது யாருடைய யோசனை என்று மட்டும் எழுதவில்லை. விடு.

அக்கா


ஜனவரி 21, புதன்
மேற்குத் துறை

அன்புள்ள அக்கா,

பேச ஆரம்பித்துவிட்டாலும் எழுதுவதை நான் விடப்போவதில்லை. எழுத்தில்தான் நீ என் பேச்சின் குறுக்கே வரமாட்டாய்.

ஒரு அலுவலக விஷயம். காலையில் திரையில் ஒரு சின்னப் படகு முளைத்தது. வழக்கம்போல மூன்று புள்ளி. அப்பா இங்கே என் பக்கத்தில்தான் உட்கார்ந்து, உப்பில்லாத முட்டையை உரித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் காட்டினேன். கிட்ட வந்து பார்த்தார். வெகு நேரம் சிரித்தார். "தப்பிச்சான்" என்றார். யார் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார்.

நடுப் பாதையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஓட்டுநர் அண்ணனிடம் அதற்கு மட்டும் ஒதுங்கச் சொல்லிவிட்டேன். வாயால்தான் சொன்னேன். ஆனால் உன் தாள் இல்லாமல் நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். உன் மூன்று பாதைகளை அனுப்பு.

அப்படியே, அத்தான் கடையில் இருக்கிறாரா என்று சன்னல் வழியாக ஒரு தடவை பார்.

தங்கை


ஜனவரி 21, புதன், அடுத்த படகில்
கிழக்குத் துறை

தங்கச்சி,

தாளை இதோடு வைத்திருக்கிறேன். பொருத்திப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கடை திறந்திருக்கிறது. உள்ளே ஒரு மின்விசிறி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் துடுப்பு இல்லை.

அப்பாவைப் பார்க்க உன் வீட்டுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொன்னார்.

அக்கா